பரணிலிருந்து இறக்கிய பழைய மரக்கப்பல்: எங்கே தொடங்குவது?

அலைவரிசை:

வணக்கம் நண்பர்களே. இங்கே இது என் முதல் பதிவு.

அப்பாவின் வீட்டுப் பரணைக் காலி செய்தபோது ஒரு மரக்கப்பல் கிடைத்தது. அலங்காரத்துக்கு வைக்கும் வகை. நீளம் 62 செ.மீ., உயரம் சுமார் 55. மூன்று பாய்மரங்கள். தாத்தா காலத்தில் கூடத்து அலமாரி மேல் இருந்ததாம். யார் செய்தது என்று அப்பாவுக்கே தெரியவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது, "கிட்டே போகாதே, உடைத்துவிடுவாய்" என்று சொல்லியே வளர்த்தார்கள். இப்போது அது என் மேசை மேல் இருக்கிறது.

நிலைமை இதுதான். எங்கே பார்த்தாலும் ஒட்டடை, பிசுக்கேறிய தூசி. துணிப்பாய்கள் மஞ்சளேறி அட்டைபோல் விறைத்திருக்கின்றன. கயிறுகளில் பாதி அறுந்துவிட்டன, மீதி தொட்டால் பொடிகிறது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு முறிந்து ஒரே ஒரு நூலில் தொங்குகிறது. நடுப் பாய்மரம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. யாரோ ஒருமுறை எதையோ ஒட்டப் பார்த்து, மேல்தளத்தில் வெள்ளையாகப் பூத்த பசையை விட்டுப் போயிருக்கிறார்கள். அடிப்பலகையில் ஒரு பித்தளைத் தகடு, அதில் 'சாந்தா மரியா' என்று பொறித்திருக்கிறது.

எனக்கு மரவேலை அனுபவம் என்றால் ஒரு பழைய நாற்காலிக்கு வார்னிஷ் அடித்தது மட்டும்தான். எல்லாவற்றையும் கழற்றி, சுரண்டி, புது வார்னிஷ், புதுப் பாய், புதுக் கயிறு என்று செய்துவிடலாமா? எங்கே தொடங்குவது?

கட்டுமரம்07:

செய்துவிடலாம் நண்பரே. மக்கிப்போன கயிற்றையும் துணியையும் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? கத்தரியை எடுங்கள், எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள், உப்புத்தாள் போட்டு மரம் தெரியும்வரை தேயுங்கள். ஒரு மாதத்தில் கடையில் வாங்கியதுபோல் பளபளவென்று நிற்கும். நான் இரண்டு கப்பல்களை இப்படித்தான் செய்தேன்.

அருங்காட்சியன்:

கத்தரியை ஒரு வாரத்துக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள் தம்பி.

பழைய பொருளைச் சீராக்கும்போது அதிகம் வருந்துவது, முதல் நாள் மாலையில் செய்த வேலைக்காகத்தான். தேய்த்தெடுத்த வண்ணம் திரும்ப வராது. வெட்டி எறிந்த கயிறு எந்தத் துளையிலிருந்து எந்தக் கட்டைக்குப் போனது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

முதலில் படம் எடுங்கள். நான்கு பக்கமும், மேலிருந்தும். பிறகு ஒவ்வொரு பாய்மரத்தையும் கிட்டத்தில், கயிறு முடிகிற ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாக. பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் நூல்கள் தெளிவாகத் தெரியும். 200 படங்கள் அதிகமில்லை. உதிர்ந்த துண்டு கடுகளவு இருந்தாலும் ஒரு சின்ன உறையில் போட்டு, எங்கே கிடைத்தது என்று எழுதி வையுங்கள்.

கட்டுமரம் நண்பர் உப்புத்தாள் என்றார். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டு வண்ணங்களில் ஈயத்தை அமெரிக்காவிலேயே 1978ல்தான் தடை செய்தார்கள். அதை உலர்வாகத் தேய்த்துத் தூளை மூச்சில் இழுப்பது உடம்புக்கு ஆகாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கட்டுமரம்07:

ஈயம் பற்றிச் சொன்னது நியாயம் ஐயா, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் மக்கின கயிற்றை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அருங்காட்சியன்:

மாற்ற வேண்டியது வரும். அது கடைசி வேலை. முதல் வேலை துடைப்பது.

ஓவியம் தீட்டும் மென்மையான தூரிகை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வாக்குவம் கிளீனரின் வாயில் பழைய காலுறைத் துணியை இழுத்துக் கட்டுங்கள். தூரிகையால் தூசியைத் தள்ளுங்கள், வாக்குவம் அதை உறிஞ்சட்டும். உதிரும் சின்னக் கப்பி ஏதாவது இருந்தால் துணியில் நின்றுவிடும். மேலிருந்து கீழே வாருங்கள், பாய்மர உச்சியில் தொடங்கி அடிப்பலகையில் முடியுங்கள். கப்பலின் மேல் நேரடியாகக் காற்றை ஊதவோ உறிஞ்சவோ கூடாது.

உலர்ந்த தூசி போன பிறகு பிசுக்கு மிஞ்சும். அதற்குப் பஞ்சுக்குச்சி. எச்சிலில் லேசாக நனைத்து உருட்டுங்கள், தேய்க்காதீர்கள். எச்சிலா என்று முகம் சுளிக்க வேண்டாம். அருங்காட்சியகங்களில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம் இது. 1990ல் போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர்கள் எச்சிலை மற்றக் கரைப்பான்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அழுக்கை எடுப்பதில் அதிலுள்ள அமிலேஸ் என்ற நொதிக்குப் பெரும்பங்கு உண்டு என்று எழுதினார்கள். ஆனால் ஈயம் இருக்கலாம் என்பதால் ஒருமுறை கப்பலைத் தொட்ட குச்சியை மறுபடி வாயில் வைக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் புதுக் குச்சி. எச்சில் வேண்டாம் என்றால் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தலாம். முடித்ததும் வெறும் நீர் தொட்ட குச்சியால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்த்திவிடுங்கள்.

எதைத் தொட்டாலும் முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில், பின்பக்கத்து அடிப்பகுதியில், ஒரு சதுர செ.மீ. அளவுக்குச் சோதியுங்கள். குச்சியில் அழுக்கின் நிறம் வந்தால் தொடரலாம். வண்ணத்தின் நிறம் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

உளிச்சத்தம்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மேற்பூச்சு என்ன என்று தெரியாமல் ஸ்பிரிட் பக்கம் போகாதீர்கள். அரக்கு பாலிஷ் ஸ்பிரிட்டில் கரையும். லாக்கர் பூச்சு தின்னரில் கரையும். எண்ணெய் வார்னிஷ் இரண்டுக்கும் சட்டென்று அசையாது. மறைவான இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் முதல் கப்பலில் பிசுக்கை எடுக்கிறேன் என்று ஸ்பிரிட் நனைத்த துணியால் பக்கப்பலகை முழுக்கத் துடைத்தேன். அரக்கு முழுவதும் கரைந்து துணியோடு வந்தது. மரம் திட்டுத்திட்டாக வெளுத்து நின்றதை இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது.

மெல்லக்கற்பவன்:

சமையலறைப் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் நீரில் கலந்து துடைத்தால் என்ன?

அருங்காட்சியன்:

வேண்டாம். அது மரத்தின் நுண்துளைகளிலும் வண்ண விரிசல்களிலும் தங்கிவிடும். முழுக்கக் கழுவி எடுக்க நிறைய நீர் வேண்டும். அந்த நீர்தான் பழைய பசையையும் மெல்லிய பலகைகளையும் கெடுக்கும்.

அலைவரிசை:

ஐந்து நாள் ஆயிற்று. 240 படங்கள் எடுத்தேன். தூரிகை வேலை ஒரு மாலையில் முடிந்தது. பஞ்சுக்குச்சி வேலைக்கு ஒரு பக்கத்துக்கே மூன்று மாலைகள் பிடித்தன.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பக்கப்பலகை முழுக்கக் கரும்பழுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். குச்சியை உருட்ட உருட்ட, அழுக்கு துருத் தண்ணீர் நிறத்தில் வந்தது. பத்தாவது குச்சியில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. முன்னணியிலிருந்து பின்பக்கம்வரை ஓடுகிறது, நூலளவு அகலம்தான். அதற்குக் கீழே மஞ்சள் புள்ளிகள் வரிசையாக. இடைவெளி ஒன்றுபோல் இல்லை. ஓரிடத்தில் இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அங்கே தூரிகை நழுவியிருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உப்புத்தாள் போட்டிருந்தால் இதெல்லாம் தூளாகப் போயிருக்கும்.

இரண்டு சந்தேகங்கள். அடிப்பலகையின் கீழே குண்டூசித் தலையளவு வட்டமான துளைகள் ஆறேழு இருக்கின்றன. மேசையில் வைத்து எடுத்தால் மாவுபோல் கொஞ்சம் பொடி கொட்டுகிறது. இன்னொன்று, நங்கூரத்தின் மேலும் பீரங்கிகளின் மேலும் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது.

கட்டுமரம்07:

சிவப்புக் கோட்டைப் படிக்கும்போது எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. என் இரண்டு கப்பல்களிலும் அப்படி ஏதாவது இருந்திருக்குமோ என்று நினைக்கிறேன். தொடருங்கள் நண்பரே.

உளிச்சத்தம்:

முதல் சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன். பலகை உளுத்திருக்கிறது. ஒன்றிரண்டு மி.மீ. வட்டத் துளை என்றால் மரத்தைத் துளைக்கும் சின்ன வண்டு. துளையின் விளிம்பு கூர்மையாக, உள்ளே வெளிர் நிறமாக இருந்தால் அண்மையில் வந்தது. விளிம்பு மழுங்கி உள்ளே கறுத்திருந்தால் பழைய கதை. கப்பலைக் கறுப்புத் தாளின் மேல் அசையாமல் இரண்டு வாரம் வையுங்கள். புதிதாகப் பொடி விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

அடிப்பலகை பெரும்பாலும் திருகாணியில்தான் நிற்கும், கழற்றிவிடலாம். பலகையை பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் விடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அப்படியே வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த மரத்தின் மேல் ஈரம் படியும். அதைப் பையின் வெளிப்பக்கமே வாங்கிக்கொள்ளட்டும். வண்ணம் பூசிய உடல்பகுதியை இப்படிச் செய்யாதீர்கள். அதில் துளை இல்லை என்றால் தேவையும் இல்லை.

அருங்காட்சியன்:

இரண்டாவது சந்தேகம் முக்கியமானது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய கப்பல்களில் நங்கூரம், பீரங்கி, சின்ன உருவங்கள் எல்லாம் ஈயத்திலோ ஈயம் கலந்த உலோகத்திலோ வார்த்தவையாக இருக்கும். மரத்திலிருந்தும் சில பசைகள், வண்ணங்களிலிருந்தும் அசிட்டிக் அமில ஆவி மெல்ல வெளியேறும். ஓக் மரத்தில் இது அதிகம். காற்றோட்டம் இல்லாத பெட்டியில் அந்த ஆவி சேர்ந்து ஈயத்தைத் தின்னும். அதன் விளைவுதான் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி. அது ஈயக் கார்பனேட். முற்றிப்போனால் நங்கூரம் முழுக்கப் பொடியாகிவிடும். அமெரிக்கக் கடற்படையின் கப்பல் மாதிரித் தொகுப்பில்கூட இது பெரிய தலைவலியாக இருந்து, அதைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பொடி நஞ்சு. உலர்வாகத் துலக்காதீர்கள், ஊதாதீர்கள். கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, டர்பென்டைன் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுங்கள், வண்ணத்தின் மேல் படாமல். குச்சிகளை மூடிய பையில் போட்டுவிடுங்கள், மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். எச்சில் முறை இங்கே கூடவே கூடாது. சுத்தமான பிறகு நல்ல வடிவத்தில் இருப்பவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். உருக்குலைந்ததை எடுத்துவிட்டு, பித்தளையிலோ மரத்திலோ அதே வடிவத்தில் ஒன்று செய்யலாம். இனிமேல் கப்பலைக் காற்று போகாத பெட்டியில் அடைக்காதீர்கள்.

அலைவரிசை:

நல்லவேளை கேட்டேன். ஊதிப் பார்க்கலாமா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உளிச்சத்தம்:

சரி, இப்போது முறிந்த கொம்புக்கு வருவோம். அதற்கு பௌஸ்பிரிட் என்று பெயர். முறிந்த முனைகளைச் சுத்தம் செய்கிறேன் என்று தேய்த்துவிடாதீர்கள். சிலும்பு சிலும்பாக நிற்கிற அந்த நார்கள்தான் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காரும். தேய்த்தால் இரண்டு முனையும் வழவழப்பாகி, ஒட்டும் இடமும் குறையும், நீளமும் குறையும். பசையில்லாமல் முதலில் சேர்த்துப் பாருங்கள். கோடே தெரியாமல் உட்கார்ந்தால் மரவேலை வெள்ளைப் பசையைக் குச்சி நுனியால் தடவி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன் மேல் நூலை இறுக்கமாகச் சுற்றிக் கட்டி, ஒரு நாள் விடுங்கள். நூல்தான் இங்கே பிடிப்பான். இடுக்கி வைத்தால் நசுங்கும்.

உட்காரவில்லை, நடுவில் மரம் போய்விட்டது என்றால் இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. துளையிட்டு உள்ளே பித்தளைக் கம்பி வைக்க வேண்டும். மோட்டார் வேண்டாம், கையால் சுழற்றும் சின்னத் துரப்பணம் போதும்.

ஒட்டிய இடம் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம். உண்மையான கப்பல்களில் பௌஸ்பிரிட்டை முன்னணியோடு சேர்த்து வடத்தால் பல சுற்றுச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். பெரிய பாய்மரங்களைப் பல மரங்களைச் சேர்த்துச் செய்து, இடையிடையே வடம் சுற்றியிருப்பார்கள். முறிவு சரியான இடத்தில் இருந்தால் நீங்களும் நாலைந்து சுற்று நூல் சுற்றிவிடலாம், அந்தக் காலத்துக் கப்பலுக்குப் பொருத்தமாகவே இருக்கும்.

சூப்பர் க்ளூ வேண்டாம். மேல்தளத்தில் நீங்கள் பார்த்த அந்த வெள்ளைப் பூப்பு அதன் வேலைதான். அசிட்டோன் போட்டால் கரையும், ஆனால் மேல்தளத்து வண்ணத்தையும் சேர்த்துக் கரைக்கும். கூரான தகட்டை மரத்தோடு படுக்கவைத்து, எவ்வளவு தானாகப் பெயர்கிறதோ அவ்வளவு மட்டும் எடுங்கள். மிச்சம் இருக்கட்டும். பழைய மூட்டுகளில் பழுப்பாக, கண்ணாடித் துண்டுபோல் நொறுங்கும் பசை தெரிந்தால் அது வச்சிரம், அதாவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை. வெதுவெதுப்பான நீர் தொட்ட குச்சியை வைத்தால் இளகிவிடும்.

அலைவரிசை:

கொம்பு ஒட்டியாயிற்று. கோடு தெரியவில்லை! முறிவு முன்னணிக்கு இரண்டு செ.மீ. தள்ளித்தான் இருந்தது, அதனால் நூல் சுற்றும் யோசனையும் பொருந்துகிறது.

இப்போது சாய்ந்த நடுப் பாய்மரம். அடியில் சூடு காட்டிக் கழற்ற வேண்டுமா?

நூற்கண்டு:

தம்பி, கழற்றாதே. முதலில் அது ஏன் சாய்ந்தது என்று பார். பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளுக்கு ஷ்ரௌட் என்று பெயர். படத்தில் வலப்பக்கத்து ஷ்ரௌட் எல்லாம் அறுந்திருக்கிறது, இடப்பக்கம் மூன்று இன்னும் விறைப்பாக நிற்கிறது. ஒரு பக்கம் பிடிமானம் போனால் மறுபக்கம் இழுக்கத்தானே செய்யும்? அந்த மூன்றைப் படமெடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்.

அலைவரிசை:

அக்கா, இரண்டாவது கயிற்றை அவிழ்த்தபோது பாய்மரம் தானாக நிமிர்ந்தது. கண்ணெதிரே மெல்ல நகர்ந்தது. அடியில் ஆட்டமே இல்லை. நான் பசையைப் பிளக்கக் கத்தி வரை எடுத்து வைத்திருந்தேன்.

நூற்கண்டு:

நல்லது. இனி கயிற்று வேலையைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. இதில் அவசரப்பட்டவர்கள்தான் கப்பலைப் பாதியில் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள்.

கப்பலில் கயிறு இரண்டு வகை. பாய்மரத்தை அசையாமல் நிறுத்துவது ஒன்று. அதற்குத் தார் பூசுவார்கள், அதனால் கறுப்பு அல்லது கரும்பழுப்பு. பாயையும் பருமலையும் ஏற்றி இறக்கி ஆட்டுவது இன்னொன்று. அது சணல் நிறம். (பருமல் என்பது பாயைக் கட்டும் குறுக்கு மரம். நம் மாலுமிகள் மொழியில் அதற்கு நல்ல சொல் இருக்கும்போது நான் ஏன் 'யார்ட்' என்று எழுத வேண்டும்? அணியம் என்ற முன்பக்கம், ஏரா என்ற அடிமரம், வங்கு என்ற விலாமரம், சுக்கான், கப்பி என்று எல்லாமே இருக்கிறது.) உன் கப்பலைச் செய்தவர் இந்த வேறுபாட்டைப் பார்த்திருக்கிறாரா என்று படத்தில் பார். இரண்டு நிற நூல் இருந்தால் நீயும் இரண்டு வாங்கு. ஒரே நிறம் என்றால் ஒன்றே போதும்.

நூல் பருத்தியா பாலியஸ்டரா என்றால், நான் பாலியஸ்டர் பக்கம். பருத்தி சீக்கிரம் மயிர் கிளம்பித் தூசியைப் பிடிக்கும், மக்கவும் செய்யும். பளபளப்பு இல்லாத முறுக்கு நூலாகப் பார்த்து வாங்கு. கனம் இரண்டு மூன்று வகை வேண்டும், பழைய கயிற்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எடு.

எல்லாவற்றையும் அறுத்துப்போட்டுவிட்டுத் தொடங்காதே. ஒன்றை அவிழ், அதே இடத்தில் ஒன்றைக் கட்டு, அடுத்ததற்குப் போ. நிறுத்தும் கயிறுகள் முதலில், ஆட்டும் கயிறுகள் பிறகு. கீழிருந்து மேலே, நடுவிலிருந்து வெளியே. உள்ளே கை போக வேண்டிய வேலை பாக்கி இருக்கும்போது வெளிக் கயிற்றைக் கட்டிவிட்டால் விரல் நுழையாது. ஷ்ரௌட்டை வலப்பக்கம் ஒரு ஜோடி கட்டினால் உடனே இடப்பக்கம் ஒரு ஜோடி. ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் பாய்மரம் மறுபடி சாயும்.

முடிச்சின் மேல் வெள்ளைப் பசையில் நீர் கலந்து ஒரு பொட்டு. காய்ந்தபிறகு வாலை வெட்டு, உடனே வெட்டினால் அவிழும்.

மெல்லக்கற்பவன்:

அக்கா, நூலைத் தேன்மெழுகில் இழுக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்களே?

நூற்கண்டு:

நானும் முன்பு செய்தேன். மயிர் படிந்து நூல் அழகாக நிற்கும், உண்மைதான். ஆனால் மெழுகு தூசியைப் பிடிக்கும், அதன் மேல் பசையும் சரியாக ஒட்டாது. மயிர் கிளம்பாத நூலாக வாங்கினால் மெழுகுக்கு வேலையே இல்லை.

கட்டுமரம்07:

பாய்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. அந்த மஞ்சள் அட்டைகளைக் கட்டாயம் மாற்றலாம் இல்லையா? கூடவே ஒரு விஷயம், இது கொலம்பஸின் 'சாந்தா மரியா' என்றால் பாயில் சிவப்புச் சிலுவை வேண்டும். பெயர்த்தகடுக்கு ஏற்றபடி திருத்திவிடலாம்.

அருங்காட்சியன்:

இது 'சாந்தா மரியா' இல்லை. கொலம்பஸ் அதில் போனது 1492ல், அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வேளையில் இன்றைய ஹைட்டிக் கரையில் தரைதட்டி உடைந்தது. தம்பியின் கப்பலில் பக்கத்துக்கு இரண்டு வரிசை பீரங்கிச் சாளரங்கள் இருக்கின்றன. மூடி பொருத்திய பீரங்கிச் சாளரம் என்பதே 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 'சாந்தா மரியா'வின் வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை, இன்று உலகில் இருக்கும் அத்தனை மாதிரிகளும் ஊகம்தான். 1620ல் ஆங்கிலேயக் குடியேறிகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன 'மேஃபிளவர்' கதையும் இதேதான்.

இந்த வகை அலங்காரக் கப்பல்களில் பெயர் ஒன்று, உருவம் ஒன்று என்று இருப்பது வழக்கம். கொடிகளைக் கவனித்தீர்களா? பாய்கள் முன்னோக்கிப் புடைத்திருக்கின்றன, கொடிகள் பின்னோக்கிப் பறக்கின்றன. காற்று பின்னாலிருந்து வந்தால் கொடியும் முன்னால்தான் பறக்கும். செய்தவர் கடலைப் பார்த்துச் செய்யவில்லை, மனசில் இருந்த ஒரு கப்பலைச் செய்திருக்கிறார். அதைத் திருத்தி வரலாற்றுக் கப்பலாக்கினால் இரண்டும் இல்லாமல் போகும்.

பாய்கள் கிழியாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். நனைக்காதீர்கள், விறைப்புக்காகப் பூசிய கஞ்சியோ பசையோ கரைந்து வடிவம் குலையும், நூலிழையும் விட்டுப்போகும். உலர்ந்த தூரிகையும், புகைக்கறை எடுக்கும் ரப்பர் ஸ்பாஞ்சும் போதும். கிழிந்த இடத்தில் பின்பக்கமாக ஜப்பானிய மெல்லிய காகிதத்தை, கோதுமை ஸ்டார்ச் பசையைக் கெட்டியாகக் காய்ச்சித் துளியளவு தொட்டு ஒட்டலாம். பிற்காலத்தில் வேறு யாராவது எடுக்க நினைத்தால் ஈரம் தொட்டு எடுத்துவிடலாம்.

கட்டுமரம்07:

கொடி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. சரி, பாயை விட்டுவிடச் சொல்கிறேன். ஒரு பாய் பாதிக்கு மேல் போய்விட்டால்?

அருங்காட்சியன்:

அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். பழையதை எறியாமல் உறையில் வைக்க வேண்டும்.

அலைவரிசை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், ஒரு தவறோடு.

முன் பாய்மரத்திலிருந்து கொம்புக்குப் போகும் கயிற்றை விறைப்பாக இருக்கட்டும் என்று நன்றாக இழுத்துக் கட்டிவிட்டேன். மாலையில் சரியாக இருந்தது. இரண்டு நாள் மழைக்குப் பிறகு பார்த்தால் பாய்மரத்தின் மேல்பாதி வில்போல் முன்னால் வளைந்திருக்கிறது. பின்னால் போகும் கயிறு தளர்ந்து தொங்குகிறது. கையில் இருந்த பருத்தி நூலைத்தான் அங்கே போட்டிருந்தேன்.

நூற்கண்டு:

பருத்தி ஈரத்தில் சுருங்கும் தம்பி, மேலும் இறுகும். அதனால்தான் சொல்கிறேன், வீணைத் தந்திபோல் இழுக்காதே. தொட்டால் லேசாக அசைய வேண்டும், தொங்கக்கூடாது, அவ்வளவுதான். அந்த ஒரு கயிற்றை அவிழ்த்துவிட்டு இரண்டு நாள் பாய்மரத்தைத் தொடாமல் விடு. மெல்லிய மரம் பெரும்பாலும் திரும்பிவிடும். பிறகு பாலியஸ்டர் நூலில், முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சம் என்று மாறிமாறி இழுத்து, ஒரு நேர்கோலைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக் கட்டு. முடிச்சை முதலில் அவிழ்க்கக்கூடிய சுருக்காகப் போடு, எல்லாம் சரியான பிறகு இறுக்கு.

அலைவரிசை:

திரும்பிவிட்டது அக்கா. இப்போது ஷ்ரௌட்டுக்குக் குறுக்கே வரும் ஏணிக் கயிறுகள். ஆறு ஏணிகள், ஒவ்வொன்றிலும் இருபதுக்கு மேல் வரிகள். இடைவெளியை எப்படிக் கணக்கிடுவது?

நூற்கண்டு:

நிஜக் கப்பலில் ஏணிப்படிகளுக்கு இடைவெளி 13 முதல் 15 அங்குலம், அதாவது 33 முதல் 38 செ.மீ. மேல்தளத்து அறைக்கதவு உன் கப்பலில் எத்தனை மி.மீ.? ஆள் நுழையும் கதவு 1.7 மீட்டர் என்று வைத்து அளவைக் கண்டுபிடிக்கலாம். கதவு 17 மி.மீ. என்றால் நூறில் ஒரு பங்கு, படிக்கு மூன்றரை மி.மீ. ஆனால் பழைய கயிற்றில் முடிச்சுத் தழும்பு தெரிந்தால் அந்த அளவைத்தான் எடுக்க வேண்டும், கணக்கை மறந்துவிடு.

ஒரு அட்டையில் அந்த இடைவெளிக்குக் கோடு போட்டு ஷ்ரௌட்டுக்குப் பின்னால் செருகு. ஓரக்கயிற்றில் நூலைக் கட்டி, நடுக்கயிறுகளில் கிளோவ் ஹிச் முடிச்சு (கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நூலைக் குறுக்கே நுழைப்பது), மறு ஓரத்தில் கட்டி முடி. ஒவ்வொரு முடிச்சிலும் நூலைத் துளி இழுத்தாலும், பத்தாவது வரியில் ஷ்ரௌட்டுகள் உள்ளே குவிந்து உடுக்கைபோல் ஆகிவிடும். மேலே ஒரு குச்சி, நடுவே ஒரு குச்சி என்று ஓரங்களை விரித்துத் தற்காலிகமாகக் கட்டி வைத்துக்கொள். ஒரு நாளைக்கு ஒரு ஏணிக்கு மேல் போடாதே. கண் களைத்தால் முடிச்சு இறுகும்.

அலைவரிசை:

பழைய முடிச்சுத் தழும்பு தெரிந்தது அக்கா, இடைவெளி ஐந்து மி.மீ. அவர் கிளோவ் ஹிச் போடவில்லை, வெறும் ஒற்றைச் சுருக்குப் போட்டுப் பசை வைத்திருக்கிறார். அதையே போட்டேன். முதல் ஏணிக்கு நான்கு மணி நேரம், ஆறாவதற்கு ஒன்றரை.

அடிப்பலகையைத் திரும்பப் பொருத்தும்போது ஒன்று பார்த்தேன். உறைபெட்டியிலிருந்து எடுத்தபின் மூன்று வாரமாகப் பொடி விழவில்லை. கப்பலின் ஏராவுக்குக் கீழே, பலகை மறைத்த இடத்தில், பென்சிலால் 1, 2, 3 என்று எழுதியிருக்கிறது, ஒவ்வொரு பாய்மரத்துக்கும் நேர் கீழே. 2க்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அதைத் துடைக்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

உளிச்சத்தம்:

அம்பு முன்பக்கத்தைக் காட்டுகிறதா? அப்படியென்றால் கடையில் வரிசையாகச் செய்தபோது எந்தப் பாய்மரம் எந்தத் துளைக்கு, எந்தப் பக்கம் முன்னால் என்று குறித்திருக்கிறார். மரத்தச்சர் பழக்கம். நானும் நாற்காலிக் கால்களில் இப்படித்தான் எழுதுவேன்.

அலைவரிசை:

ஆமாம் அண்ணே, முன்பக்கம்தான்.

அருங்காட்சியன்:

இனி எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நேர் வெயில் படாத இடம், ஏசி காற்று நேராக வீசாத இடம். ஈரம் ஏறி இறங்குவதுதான் கயிற்றையும் பசையையும் கொல்லும். பெட்டி செய்வதானால் கண்ணாடியோ அக்ரிலிக்கோ இருக்கட்டும், அடிப்பலகைக்கு ஓக்கும், மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையும் வேண்டாம், பின்பக்கம் மேலும் கீழும் சின்னக் காற்றுத்துளைகள் விடுங்கள். ஈயப் பொருள் உள்ள கப்பல் என்பதால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு தாளில் நீங்கள் செய்த வேலை முழுவதையும் எழுதுங்கள்: எந்தக் கயிறு புதியது, எந்தப் பசை, எந்த நூல், எதைத் தொடவில்லை.

அலைவரிசை:

எழுதினேன் ஐயா, இரண்டு பக்கம் வந்தது. அதையும், பழைய கயிறுகள் போட்ட உறையையும், உருக்குலைந்த ஒரு நங்கூரத்தைப் போட்டு மூடிய சின்னப் புட்டியையும் பெட்டியின் அடியில் ஒரு தட்டில் வைத்திருக்கிறேன். கொடிகள் இன்னும் பின்னோக்கித்தான் பறக்கின்றன. பெயர்த்தகடும் அப்படியே இருக்கிறது, மெல்லிய துணியால் துடைத்ததோடு சரி.

நேற்று அப்பா வந்து பார்த்தார். கயிற்றையெல்லாம் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து பக்கப்பலகையைத்தான் வெகுநேரம் பார்த்தார். "இந்தச் சிவப்புக் கோடு எப்போதிருந்து இருக்கிறது?" என்று கேட்டார். அவர் பிறந்த வீட்டில் இருந்த கப்பல். அவருக்கு நினைவு தெரிந்த நாள் முதலாக அது கரும்பழுப்பாகத்தான் இருந்ததாம்.

மெல்லக்கற்பவன்:

என்னிடமும் ஒன்று இருக்கிறது, இரண்டு பாய்மரம். நாளைக்குப் படம் எடுக்கத் தொடங்குகிறேன். காலுறைத் துணி கெட்டியானதா, மெல்லியதா?

அருங்காட்சியன்:

மெல்லியது. பெண்கள் போடும் நைலான் காலுறை போலக் கண் தெரியும் துணி. இரண்டு மடிப்பாகப் போடுங்கள், உறிஞ்சும் வேகத்தை மிகக் குறைவில் வையுங்கள்.